ஊரடங்கும் பருவச் சளிக்காய்ச்சலும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நம் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பயணத்தில் பள்ளிக் கதவுகள் மிக நீண்ட காலம் மூடிக் கிடந்தது ஒரே ஒருமுறைதான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் அடியெடுத்து வைத்தது 2021 நவம்பர் முதல் நாளன்று. இடைப்பட்ட காலம் பத்தொன்பது மாதங்களுக்கும் மேல். அந்த அடைப்புக்குக் காரணமான கொரோனாவைப் பற்றி நீங்கள் போதுமான அளவு கேட்டுவிட்டீர்கள். அதே அடைப்பு, ஆண்டுதோறும் நம் வீட்டுக்கு வந்து போகும் மற்றச் சளிக்காய்ச்சல்களை என்ன செய்தது என்பதை நம் ஊரில் எவரும் விரிவாகப் பேசக் கேட்டதில்லை. சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதனை எடுத்துரைக்க விரும்புகிறேன். இதில் நம் பிள்ளைகளின் படிப்பைத் தொடும் செய்தி ஒன்று உண்டு.

அந்த நாட்களை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். 2020 மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு. 24 மாலை முதல் தமிழகத்தில் 144 தடை உத்தரவு. 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகளின் ஓசை நின்றது. தோல் பதனிடும் ஆலைகளும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளும் அடங்கின. பேருந்து நிலையம் வெறிச்சோடியது. பழனியில் பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் இல்லை. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நிகழ்ச்சியும் அவ்வாண்டு நடைபெறவில்லை. மனிதன் மனிதனை நெருங்கும் இடங்கள் அத்தனையும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் மூடப்பட்டன. எந்த ஆராய்ச்சியாளரும் கேட்டுப் பெற்றிருக்க முடியாத சோதனை இது. உலகமே சோதனைச் சாலையாயிற்று.

முடிவு என்ன? நம் நாட்டுக் கணக்கையே பார்ப்போம். பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைக்கும் எச்1என்1 இன்புளூயன்சா, 2009ஆம் ஆண்டு உலகெங்கும் பரவி, பின்னர் ஆண்டுதோறும் வரும் பருவக் காய்ச்சலாக நிலைத்துவிட்டது. மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புக் கணக்கின்படி, 2019இல் இந்தியாவில் உறுதி செய்யப்பட்ட நோயாளிகள் 28,798 பேர். இறந்தோர் 1,218 பேர். 2020இல் நோயாளிகள் 2,752, இறப்பு 44. 2021இல் நோயாளிகள் வெறும் 778, இறப்பு 12. ஆயிரத்துக்கு மேல் இருந்த இறப்பு, பன்னிரண்டாகக் குறைந்தது.

கூர்மையான இளைஞர் ஒருவர் உடனே எழுந்து, “ஐயா, அந்த ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் கொரோனாப் பரிசோதனையிலேயே மூழ்கிக் கிடந்தன. தேடாததால் கிடைக்காமல் போயிருக்கலாம் அல்லவா?” என்று கேட்கலாம். கேட்கவே வேண்டும். நம் நாட்டுக் கணக்கை மட்டும் வைத்து அந்த ஐயத்தைத் தீர்க்க முடியாது. எனவே, நன்றாகத் தேடிய நாடுகளுக்குச் செல்வோம். ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரை இன்புளூயன்சாப் பருவம். 2017 முதல் 2019 வரையிலான மூன்று ஆண்டுகளில் அம்மாதங்களில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் மேற்பட்டவற்றில் இந்த வைரஸ் இருந்தது. 2020இல் அதே மாதங்களில் 83,307 மாதிரிகளைச் சோதித்தார்கள். வைரஸ் கிடைத்தவை 51. எண்பத்து மூவாயிரத்தில் ஐம்பத்தொன்று! அமெரிக்காவில் 2019-20 பருவத்தில் இன்புளூயன்சாவால் இறந்ததாகப் பதிவான குழந்தைகள் 199 பேர். அடுத்த பருவத்தில் ஒரே ஒரு குழந்தை. தேடியும் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

இனி அடுத்த வினா எழுகிறது. அதே ஊரடங்கு, அதே முகக்கவசம். சளிக்காய்ச்சல் மறைந்தது, கொரோனா மட்டும் ஏன் மறையவில்லை? இதைக் காட்டியே ஊரடங்கு பயனற்றது என்று சிலர் பேசினர். முகக்கவசமே வீண் என்றும் பேசினர். விடை எளிய கணக்கில் இருக்கிறது. மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம்.

பருவக் காய்ச்சல் கண்ட பத்துப் பேர், சராசரியாகப் பதின்மூன்று பேருக்கு அதைத் தருவார்கள். நம்மில் பலருக்கு முந்திய ஆண்டுகளில் வந்து போன காய்ச்சலின் எதிர்ப்புச் சக்தி ஓரளவு இருப்பதால் அது மெதுவாகவே பரவும். கொரோனா புதியது, எவர் உடலும் அதை அறியாது. தொடக்கத்தில் அது பத்துப் பேரிடமிருந்து இருபத்தைந்து பேருக்குச் சென்றது. சில கணக்குகளில் முப்பது. இப்போது மக்கள் ஒருவரையொருவர் நெருங்குவதைச் சரிபாதியாகக் குறைத்துவிட்டோம் என்று கொள்வோம். பதின்மூன்று, ஆறரையாகும். இருபத்தைந்து, பன்னிரண்டரையாகும். ஊரில் ஆயிரம் பேருக்குப் பருவக் காய்ச்சல் இருந்தால், அடுத்த சுற்றில் 650, அதற்கடுத்து 422 என இறங்கி, பத்தாம் சுற்றில் 13 பேரே மிஞ்சுவர். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று நாள். ஆக ஒரு மாதத்தில் கதை முடிந்தது. கொரோனா ஆயிரம் பேருக்கு இருந்தால், அதே பாதி நெருக்கத்திலும் அடுத்த சுற்றில் 1,250; பத்தாம் சுற்றில் ஒன்பதாயிரத்தைத் தாண்டும். கட்டுப்பாடு ஒன்றேதான். பத்துக்குக் கீழே இறங்கிய நோய் அழிந்தது. பத்துக்கு மேலே நின்ற நோய் வளர்ந்தது. ஊரடங்கு இல்லாதிருந்தால் அந்தப் பத்தாம் சுற்று எத்தனை இலட்சமாயிருக்கும் என்பதை வீட்டில் போட்டுப் பாருங்கள்.

கொரோனா வைரசே இன்புளூயன்சாவை இடித்துத் தள்ளிவிட்டது, ஊரடங்குக்கு அதில் பங்கில்லை என்று கூறுவோரும் இருந்தனர். ஒரு வைரஸ் தொற்றிய உடலில் மற்றொன்று உடனே குடியேற இயலாமல் போவதுண்டு. அந்தக் கருத்தை முற்றாக ஒதுக்க முடியாது. ஆயினும் நியூசிலாந்தைப் பாருங்கள். நம்மைப் போலவே 2020 மார்ச் 25ஆம் நாள் அந்த நாடும் ஊரடங்கை நடைமுறைப்படுத்தியது. அங்கே கொரோனா ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. இடித்துத் தள்ளக் கொரோனா இல்லாத நாட்டிலும் இன்புளூயன்சா மறைந்தது. ஜூன் மாதம் உள்நாட்டுக் கட்டுப்பாடுகளை அவர்கள் நீக்கினார்கள், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள், கடைகள் திறந்தன. அப்போதும் இன்புளூயன்சா திரும்பவில்லை, ஏனெனில் நாட்டு எல்லை மூடியே இருந்தது. வெளியிலிருந்து விதை வந்து விழாமல் பயிர் இல்லை. திரும்பி வந்தது சாதாரணத் தடிமன் மட்டுமே.

இந்தத் தடிமனின் கதை தனி. மூக்கு ஒழுகும் சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோ வைரஸ் என்னும் நுண்மம். உலகெங்கும் ஊரடங்கில் மிகக் குறைவாகத் துன்பப்பட்டது இதுதான். ஹாங்காங்கில் பள்ளிகள் திறந்த சில வாரங்களில், பிள்ளைகள் முகக்கவசம் அணிந்திருந்தபோதே, வகுப்பு வகுப்பாக இது பரவிற்று. இன்புளூயன்சா, கொரோனா போன்றவற்றுக்குக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பும் சாராயக் கைத்திரவமும் அந்த உறையைக் கரைத்துவிடும். உறை போனால் வைரசும் போயிற்று. ரைனோ வைரசுக்கு உறையே இல்லை. கைத்திரவத்துக்கு அது எளிதில் மசிவதில்லை; கதவின் கைப்பிடியிலும் பிள்ளைகளின் விரலிலும் அது நீண்ட நேரம் காத்திருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவித்தான் அதை விரட்ட வேண்டும்.

கிருமிநாசினி என்றவுடன் ஒன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. முதுகில் தெளிப்பான் கட்டி, தெருத் தெருவாகக் குளோரின் கலந்த நீரைத் தெளித்தவர்கள் யார்? நம் வீட்டு ஆண்களும் பெண்களும். தெருக்களிலும் மனிதர் மீதும் இவ்வாறு தெளிப்பதால் பயனில்லை, தெளிப்பவரின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே கூறிற்று. காற்றில் பரவும் நோய்க்குத் தரையைக் குளிப்பாட்டினோம். அந்த வேலை அதன் பின்னும் பல இடங்களில் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற வேலை அல்லவா!

சரி, மறைந்தவை மறைந்தே போயினவா? இல்லை. ஆர்.எஸ்.வி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஒரு வைரஸ் உண்டு. கைக்குழந்தைகளுக்கு நெஞ்சில் சளி கட்டி இளைப்பு வருவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று அது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 குளிர்காலத்தில் அது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு குறைந்தது. பின்னர் அவ்வாண்டு இறுதியில், வர வேண்டாத கோடைக் காலத்தில், வழக்கமான குளிர்கால அளவையும் மிஞ்சி எழுந்தது. நியூசிலாந்து 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் அங்கே குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பின. வழக்கமாக ஓராண்டுக் குழந்தைகள் மட்டுமே முதன்முறையாகச் சந்திக்கும் நோயை, இம்முறை இரண்டாண்டுக் குழந்தைகளும் சேர்ந்து சந்தித்தனர்.

இதற்கு ‘எதிர்ப்பாற்றல் கடன்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். ஓய்ந்த காலத்துக்கு வட்டியும் முதலுமாகக் கட்டியாக வேண்டும் என்பது போல அந்தச் சொல் ஒலிக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை. கடன் வாங்கி வட்டி கட்டிய சமுதாயம் நாம். கடன் எது என்று நமக்குத் தெரியும். நோய் கண்டால்தான் உடல் வலுப்படும் என்று எண்ணிக் குழந்தையைச் சளிக்காரர் மடியில் விடுவது அறிவாகாது. ஆர்.எஸ்.வி. மிகவும் கொடுமை செய்வது பிறந்த முதல் சில மாதங்களில்தான். அந்த மாதங்களைத் தாண்டி அது வந்தால், குழந்தையின் மூச்சுக்குழல் சற்றுப் பெரிதாகியிருக்கும். தாங்கும் வலிமை கூடும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் மருத்துவமனைப் படுக்கை போதாது.

நம் நாட்டிலும் இது திரும்பிற்று. 778 ஆக இருந்த எச்1என்1 எண்ணிக்கை 2022இல் 13,202 ஆயிற்று; இறப்பு 410. 2023 தொடக்கத்தில் எச்3என்2 என்ற மற்றொரு இன்புளூயன்சா நாடெங்கும் பரவியபோது, தமிழகத்தில் காய்ச்சல் முகாம்கள் நடத்தப்பட்டன. 2024இல் எச்1என்1 மீண்டும் இருபதாயிரத்தைக் கடந்தது. 2025 ஜனவரியில் மெட்டாநிமோ வைரஸ் என்ற பெயர் செய்தித்தாள்களில் அச்சமூட்டிற்று. சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்குக் கண்டதாக அரசு அறிவித்தது. அது புதிய நோயன்று. 2001ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்பும் பெயரில்லாமல் நம்மிடையே உலவிய சளிதான்.

மறைந்து, திரும்பாத ஒன்றும் உண்டு. இன்புளூயன்சா ‘பி’ வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பின் உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதனால் 2023 செப்டம்பரில், தடுப்பூசியிலிருந்து அந்தப் பகுதியை நீக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறிற்று.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. இஸ்ரேல் நாட்டில் மருத்துவர்கள் வியந்த ஒன்று இது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா குழந்தைகளின் தொண்டையில் வழக்கம்போல் அப்படியே குடியிருந்தது. ஆனால் ஊரடங்குக் காலத்தில் அதனால் நிமோனியா வருவது வெகுவாகக் குறைந்தது. காரணம் யாதெனில், ஆர்.எஸ்.வி., இன்புளூயன்சா, மெட்டாநிமோ ஆகிய வைரஸ்கள் முதலில் வந்து நெஞ்சைப் புண்ணாக்கினால்தான் அந்தப் பாக்டீரியா உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. கதவைத் திறந்துவிடுவது ஒருவன், திருடுவது மற்றொருவன். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நம் மாநிலத்தில் அரசு சார்பில் இலவசமாகப் போடப்படுகிறது. குழந்தை பிறந்த ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று முறை. வேலைக்குப் போக வேண்டும் என்று இதில் ஒன்றைத் தவறவிடும் வீடுகள் நம் காலனியில் இருக்கின்றன. அருள்கூர்ந்து தவறவிடாதீர்கள்.

இனி, யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு வருகிறேன். 1918ஆம் ஆண்டு இன்புளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போது பம்பாய் நகரில் இறப்பைச் சாதி, சமய வாரியாகக் கணக்கெடுத்தார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் இறந்தோர் 8.3. மற்ற இந்துக்களில் 18.9. ‘தாழ்ந்த சாதி’ என அந்தப் பதிவேடு குறித்த மக்களில் 61.6. வைரசுக்குச் சாதி தெரியாது. நெருக்கமான குடியிருப்பு, காற்றில்லாத அறை, ஒட்டிய வயிறு, கிட்டாத மருத்துவம் ஆகியவை அதற்கு வழி காட்டின. ஆகவே, காய்ச்சல் எல்லோருக்கும் பொது என்று எவரேனும் மேடையில் பேசினால் இந்த மூன்று எண்களையும் அவருக்குச் சொல்லுங்கள்.

நூறாண்டு கழித்து வந்த கட்டுப்பாடுகளிலும் அதே பாதைதான். ‘சமூக விலகல்’ என்ற சொல்லைக் கேட்டபோது நம் முதியோர் பலர் முகம் சுளித்தனர். விலகி நில் என்ற சொல்லை ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்டவர்கள் அவர்கள். உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அந்தச் சொல்லை மாற்றி, உடல் அளவிலான இடைவெளி என்று குறிப்பிடத் தொடங்கியது. சொல்லை மாற்றினார்கள், இடம்? ஒரே அறையும் ஒரே சன்னலும் கொண்ட தொகுப்பு வீட்டில், ஆறு பேர் ஆறடி இடைவெளியில் படுப்பது எப்படி?

எல்லாவற்றிலும் கொடிய விலை பள்ளி அடைப்பு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது; கைபேசி இருந்த பிள்ளைக்கு வகுப்பு நடந்தது. தந்தையிடம் ஒரே கைபேசி, அதுவும் அவரோடு வேலைக்குப் போய்விடும் என்ற வீடுகளில் என்ன நடந்திருக்கும்? பிள்ளைகள் பூப்பறிக்கவும் ஆலைக்கும் பட்டறைக்கும் போனார்கள். சிலர் திரும்பவே இல்லை. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நம் பெண்கள் தன்னார்வலர்களாக நின்று, எழுத்தை மறந்த பிள்ளைகளுக்கு மீண்டும் அரிச்சுவடி கற்பித்ததை இந்த மேடையில் நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2023 மார்ச்சில் இன்புளூயன்சா பரவியபோது, புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளைப் பத்து நாட்களுக்கு மேல் மூடினார்கள். ஊரடங்கால் சளிக்காய்ச்சல் அழிந்தது என்ற உண்மையை அரைகுறையாக அறிந்தவர்கள், ஒவ்வொரு காய்ச்சல் பருவத்திலும் பள்ளியை மூடு என்று கேட்கக்கூடும். புதிய கொள்ளைநோய்க்கு, மருந்தும் தடுப்பூசியும் இல்லாத மாதங்களில், அடைப்பு தேவைப்படலாம். ஆண்டுதோறும் வரும் காய்ச்சலுக்குப் பள்ளியை மூடினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கணினி முன் அமரும். நம் பிள்ளை வேலைக்குப் போகும். அத்தகைய கோரிக்கை நம் மாவட்டத்தில் எழுந்தால், நம் கழகம் அதை எதிர்த்து ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பள்ளியை மூடாமல் செய்யக்கூடியவை பல. காய்ச்சல் பரவுவதற்கு அந்த அளவு அடைப்புத் தேவையில்லை என்பதைக் கணக்கே காட்டிற்று: பதின்மூன்றைப் பத்துக்குக் கீழே இறக்கினால் போதும். நான்கில் ஒரு பங்கு நெருக்கத்தைக் குறைத்தாலே அது நடந்துவிடும். இருமுகிறவர் முகக்கவசம் அணிவது, காய்ச்சல்காரர் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருப்பது, அறையில் காற்றோட்டம் ஆகியவை சேர்ந்தால் அந்தப் பங்கு வந்துவிடும். ஆனால் தினக்கூலி வாங்குபவர் காய்ச்சலோடு ஏன் வேலைக்குப் போகிறார்? அறியாமையால் அன்று. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆலையிலும் பட்டறையிலும், தெருக் கூட்டும் ஒப்பந்தப் பணியிலும் காய்ச்சல் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று கேட்பது தொழிற்சங்கக் கோரிக்கை மட்டுமன்று. ஊர் முழுவதையும் காக்கும் சுகாதாரக் கோரிக்கை. முதலாளி வீட்டுக் குழந்தையின் மூச்சும் அதில் அடங்கியிருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். இன்புளூயன்சாவுக்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி உண்டு. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இடம்பெறவில்லை. முதியோர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் தூய்மைப் பணியாளர்க்கும் அது இலவசமாகக் கிடைக்கவேண்டும் எனக் கேட்பதும் நம் வேலை. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேட்க வேண்டிய இடம் தொலைவில் இல்லை.

நிறைவாக நம் மாலைப் படிப்பகத்தைப் பற்றி. சென்னையிலும் வேலூரிலும் நடந்த ஆய்வுகளின்படி, தமிழகத்தில் இன்புளூயன்சா மிகுவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஐப்பசியில் மழை பிடித்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? சாரல் அடிக்கிறது என்று சன்னல்கள் அனைத்தையும் அடைத்து, நாற்பது பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார வைக்கிறோம். காற்று அடிக்கும் பக்கத்தை மட்டும் அடையுங்கள். எதிர்ப்பக்கச் சன்னல்களும் மேலே உள்ள காற்றுத் துளைகளும் திறந்தே இருக்கட்டும். கூடத்துக்கு வெளியே குழாயடியில் ஒரு சோப்பு எப்போதும் இருக்கட்டும். காய்ச்சல் கண்ட பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அன்றைய பாடக் குறிப்பை அதே தெருவில் உள்ள மூத்த மாணவர் ஒருவர் கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிட்டு வரவேண்டும். யார் எந்தத் தெரு என்ற பட்டியலைக் கழகச் செயலாளர் மழைக்கு முன்பே எழுதி, படிப்பகச் சுவரில் ஒட்டிவிடுவாராக.